பெர்த்துல குடியேறின சாமி

லாரிக்குள்ள டிரைவர் சீட்டுக்குப் பின்னால குறுக்கே ஒரு பலகை இருக்கும். அதுக்குப் பேரு பெர்த்து. ஓட்டுறவரு வண்டிய ஓரங்கட்டிட்டு உடம்பைச் சாய்க்க அந்த ஒரே எடந்தான். அடியில கயிறு, தார்ப்பாய், ஜாக்கி, அரிசி, ஸ்டவ்வு எல்லாம் கெடக்கும். மேல பேருக்கு ஒரு ரெக்சின் மெத்தை. இந்தப் பலகைக்காகத்தான் நான் எங்க சொந்தக்காரங்க அத்தனை பேரு வாயிலயும் விழுந்தேன். விழுந்தா விழுந்துட்டுப் போறேன். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கல.

லாரி எங்க வீட்டுக்காரவுகளுக்கும் அவுக அண்ணனுக்கும், அதாவது என் மூத்தாருக்கும், பொது. பாளையம்பட்டியில ரெண்டு வீடும் அடுத்தடுத்து. லோடு பிடிக்கிறது மூத்தாரு, ஓட்டுறது இவுக. திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் வேலிக்கருவையை வெட்டி மூட்டம் போட்டு எடுக்குற கரிதான் முக்கால்வாசி லோடு. ஏத்திக்கிட்டு பெங்களூரு, ஐதராபாத்துன்னு போவாக. முன்னெல்லாம் கூட ஒரு கிளீனர் போவாரு. இப்ப அந்த வேலைக்கு யாரும் வாரதில்ல. இவுக தனியாத்தான் போவாக, தனியாத்தான் வருவாக.

எங்க வீட்டுக்காரவுக நல்ல உயரம். கல்யாணப் போட்டோவுல நான் அவுக தோளுக்குக் கீழதான் நிக்கேன். எனக்கு அதுல கொஞ்சம் கர்வம் உண்டு. அதை எதுக்கு மறைக்கணும்?

ஒரு தடவை மழையில வண்டி வழுக்கி ரோட்டோர ஓடைக்குள்ள இறங்கிருச்சு. இவுகளுக்கு ஒரு கீறல் இல்ல. வண்டிக்கும் முன்கண்ணாடி போனதோட சரி. ஆனா வீட்டுல இருந்த மூத்தாருதான் ஆடிப் போயிட்டாரு. நரிக்குடிக்கு அங்கிட்டு இருக்குற எங்க குலசாமி கோயிலுக்குப் போயி பிடிமண் எடுத்துட்டு வந்துட்டாரு. பிடிமண்ணுன்னா சும்மா ஒரு கைப்பிடி மண்ணு இல்ல. பொழைக்க வேற ஊருக்குப் போறவுக சாமி காலடியில இருந்து அந்த மண்ணை எடுத்துட்டுப் போயி, அதை வச்சுத்தான் அங்க புதுசா கோயில் எழுப்புவாக. மண்ணு இருக்குற எடத்துல சாமி இருக்குன்னு அர்த்தம். நெனச்ச நேரம் தூக்கி வேற எடத்துல வைக்க முடியாது. அதை யாராச்சும் லாரிக்குள்ள கொண்டு வந்து வைப்பாகளா? இவரு வச்சாரு.

அதையும் எங்க வச்சாரு? முன்னால கண்ணாடிக்கு மேல வச்சிருந்தா நான் ஏன் பேசப் போறேன். அங்கன ஏற்கெனவே பிள்ளையாரு, முருகன், மீனாட்சி எல்லாம் இருக்காகளாம், நம்ம சாமி கூட்டத்தோட கூட்டமா இருக்கக் கூடாதாம், தனி எடம் வேணுமாம். பட்டறையில சொல்லி, பெர்த்தோட ஒரு ஓரத்துல இரும்புப் பொட்டி அடிச்சு வெல்டு வச்சுட்டாரு. உள்ள மண்ணு, விபூதி, கையளவுக்கு ஒரு அருவா, ஒரு விளக்கு. படுக்குற எடத்துல கால்வாசி அதோட போச்சு.

போனதோட விட்டாரா? சாமி பக்கம் காலை நீட்டக் கூடாது, தலைய வச்சுத்தான் படுக்கணும்னாரு. வண்டிக்குள்ள கவிச்சி சாப்பிடக் கூடாதுன்னாரு. கேட்டுக்கோங்க, கெடா வெட்டுனாத்தான் மனசு குளிர்ற சாமி எங்க சாமி. லாரிக்குள்ள ஏறினதும் சைவமாயிருச்சாம்! நான் சடைச்சுக்கிட்டா, "அண்ணன் நல்லதுக்குத்தான் சொல்லும், விடு புள்ள"ம்பாக இவுக. அண்ணன் பேச்சுக்கு இவுகளுக்கு மறுபேச்சே கெடையாது. அங்க போயி நின்னா வாயில கொழுக்கட்டைய வச்சுக்கிட்டுத்தான் நிப்பாக.

பலகை சின்னதாப் போச்சுன்னு எனக்குத் தெரியும். எம்புட்டுச் சின்னதுன்னு தெரியாது. ஒரு கோடை லீவுல பிள்ளைகளை எங்க அம்மா வீட்டுல விட்டுட்டு நானும் ஒரு லோடுக்குக் கூடப் போனேன். ஓசூரு தாண்டுறதுக்கு முன்னால, நல்ல மத்தியானம், ஒரு புளியமரத்து நெழல்ல வண்டியப் போட்டுட்டு, "செத்த கண்ண மூடுறேன்"னு இவுக பின்னால ஏறினாக. நான் முன் சீட்டுல திரும்பி உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கேன். முட்டிய மடக்குறாக, இடுப்பை வளைக்கிறாக, தலை பொட்டியில இடிக்காம இருக்கக் கழுத்தை ஒரு பக்கமா கோணிக்கிறாக. சந்தையில வாங்குன ஆட்டுக்குட்டிய கூடைக்குள்ள அமுக்கி பஸ்ஸுல கொண்டு வருவோம்ல, அப்பிடித்தான் கெடந்தாக. அம்புட்டு பெரிய ஆளு! எனக்குப் பாக்கச் சகிக்கல.

எந்திரிச்சு கீழ இறங்கினவுக நடக்கல. கதவைப் பிடிச்சுக்கிட்டு இடது தொடையில குத்திக் குத்தி விடுறாக.

"என்னங்க ஆச்சு?"

"மரத்துப் போச்சு. செத்த நேரத்துல சரியாயிரும்."

"எத்தனை நாளா இப்பிடி?"

"அது கெடக்கு, ரொம்ப நாளா."

ரொம்ப நாளாவாம்! கிளச்சு மிதிக்கிற காலு அது. கரி லோடு ஏத்தின வண்டிய மலை ரோட்டுல இறக்குறவுக, காலு மரத்துப் போச்சுன்னு சிரிச்சுக்கிட்டே சொல்றாக. எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிருச்சு. அந்த ரோட்டோரத்துலயே நின்னு கத்துன கத்துல பக்கத்து வண்டிக்காரரு எந்திரிச்சு வந்து, "என்ன தங்கச்சி, பிரச்சனையா?"ன்னு கேட்டாரு. ஆமாண்ணே, பிரச்சனைதான், ஆனா அது உங்ககிட்ட சொல்லித் தீர்ற பிரச்சனை இல்லண்ணேன்னு சொன்னேன்.

ஊருக்கு வந்ததும் மதுரைக்கு இழுத்துட்டுப் போனேன். டாக்டரு ஸ்கேன் படத்தைத் தூக்கிப் பிடிச்சுப் பாத்துட்டு, முதுகுத்தண்டுல நரம்பு நசுங்குது, ஓட்டுறதால பாதி, படுக்குறதால பாதின்னாரு. ஓட்டுறதை விட முடியலைன்னாலும் படுக்குறதை மாத்துங்க, நேரா நீட்டிப் படுக்கணும், இப்பிடியே விட்டா இந்தக் காலு உங்களுக்கு உதவாதுன்னாரு. இதுக்கு மேல தெளிவா ஒரு மனுசன் எப்பிடிச் சொல்லுவாரு?

இவுக அண்ணன் வீட்டுக்குப் போயிச் சொல்லிட்டு, போன வேகத்துல திரும்பி வந்தாக. "பிடிமண் வச்ச சாமிய எடுத்தா குடும்பத்துக்கு ஆகாதாம்."

"அதுக்கு நீங்க என்ன சொன்னீக?"

"சரின்னேன்."

சரின்னாகளாம்! அன்னைக்கு எங்க வீட்டுல ஒரு பாத்திரம் ஒழுங்கா எடம் போயிச் சேரல. எல்லாத்தையும் போட்டு உருட்டினேன்.

நானே போயி மூத்தாருகிட்ட கேட்டிருக்கலாமேன்னு நீங்க நெனைப்பீக. எங்க பக்கம் மூத்தாருக்கு முன்னால நின்னு பேசுற பழக்கம் கெடையாது. அவரு வந்தா எந்திரிச்சுக் கதவு மறைவுக்குப் போயிருவோம். ஏதும் சொல்லணும்னா பிள்ளைகள விட்டுச் சொல்லுவோம். கையில செல்லு வந்துருச்சு, வீட்டுல ஏசி வந்துருச்சு, இது மட்டும் மாறல. எனக்குக் கல்யாணமாகி வந்ததுல இருந்து அவரு மூஞ்சியப் பாத்து நான் ஒரு வார்த்தை பேசுனதில்ல.

அப்பத்தான் ஆடிப் பூசை வந்துச்சு. குலசாமி கோயில்ல மத்தியானப் பூசை. கோயில்னா கோபுரமெல்லாம் கெடையாது. கரிசக்காட்டு நடுவுல ஒரு பீடம், நாலஞ்சு வேலு, ரெண்டு ஒடமரம். ஆடிக் காத்து புழுதியை வாரி வாரி மூஞ்சியில அடிக்குது. எங்க குலசாமிக்கு ஆடுறது யாருங்கிறீக? எங்க மூத்தாருதான். மேளம் அடிச்சதும் சாமி வந்துருச்சு. அருவாளை எடுத்துக்கிட்டு ஆடுறாரு. ஒவ்வொரு குடும்பமா முன்னால போயி நிக்க, குறை கேட்டு விபூதி போட்டுக்கிட்டே வந்து எங்க முன்னால நின்னுச்சு சாமி.

"என்னத்தா குறை? கேளு!"

எனக்கு அந்த நேரந்தான் உறைச்சுச்சு. மூத்தாருகிட்டதான் பேசக் கூடாது. சாமிகிட்ட பேசலாமே! மூஞ்சிக்கு நேரா பேசலாம், நீ வா போன்னே பேசலாம், யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டேன்.

"சாமி, நீ என் புருசன் படுக்கையில குடியிருக்க. அவுக காலை நீட்ட முடியாம காலே போகப் போகுது. எடத்தைக் காலி பண்ணிக் குடு."

மேளம் நின்னு போச்சு. இவுக என் கையைப் பிடிச்சு இழுக்காக. நான் உதறிட்டேன்.

சாமி உறுமுச்சு. "நான் உன் புருசனுக்குக் காவலு. நகர மாட்டேன்!"

"காவலுக்கு வந்த சாமி எதுக்குப் படுக்கையைப் பிடிச்சுக்கிட்ட? கூரை வேண்டாம்னு வெட்டவெளியில நிக்கிற சாமி நீ. வெயிலுக்கும் மழைக்கும் அசையாம இந்தக் காட்டுல நிக்கிற. உனக்கெதுக்குப் பெர்த்து? முன்னால போயி நில்லு. ரோட்டைப் பாத்து நில்லு. படுக்குறவுக படுக்கட்டும்!"

 கூட்டத்துக்குப் பின்னால இருந்து ஒரு பெரியம்மா, "அவ கேக்குறது ஞாயந்தான?"ன்னுச்சு. இன்னும் நாலு பேரு "ஞாயந்தான்"னாக. சாமி அருவாளை ஓங்கி ஓங்கி இறக்குச்சு. ரெண்டு சுத்து ஆடுச்சு. திரும்பி வந்து என் நெத்தியில விபூதியை அப்பிட்டு, "முன்னால வையி, போ!"ன்னுருச்சு. எனக்கு அழுகை வந்துருச்சு. அந்த ஒரு நிமிசம் நான் எங்க சாமிய முழுசா நம்புனேன்.

சாமி மலையேறின பொறவு மிச்சம் நின்னது மூத்தாருல்ல? சாமி சரின்னு சொல்லிருச்சு, இவரு நாள் பாக்க ஆரம்பிச்சாரு. ஆடியில எடுக்கக் கூடாது. ஆவணியில அவரு கொழுந்தியா மகளுக்குக் கல்யாணம், கை ஓயல. புரட்டாசி ஆகாது. ஐப்பசியில, மழை வலுக்குறதுக்கு முன்னால கரியெல்லாம் ஏத்தி முடிக்கணும், வண்டியப் பட்டறையில போட முடியாது. ஒவ்வொரு மாசமும் ஒரு காரணம். இவுக ஒவ்வொரு லோடுக்கும் அதே ஆட்டுக்குட்டிப் படுக்கையில மடங்கிக்கிட்டுப் போயிட்டு வந்தாக. "முன்சீட்டுல சாஞ்சு தூங்குங்களேன்"னா, "அது ஒரு தூக்கமா?"ம்பாக. "நீங்களே பொட்டியைப் பேத்துப் போடுங்களேன்"னா காதைப் பொத்திக்கிருவாக.

கார்த்திகையில ஐதராபாத்து லோடு இறக்கிட்டு வந்து, வீட்டு வாசல்ல வண்டியில இருந்து இறங்கினாக. இடது பாதம் தரையில பாவல. தொவண்டு தொங்குது. செருப்பு கழண்டு விழுந்தது கூட அவுகளுக்குத் தெரியல. மதுரையில ஆப்பரேசன் பண்ணினாக. வலி போச்சு. பாதத்துக்கு உசுரு வரல. இனிமே லாரி வேண்டாம்னு டாக்டரு சொல்லிட்டாரு. நல்லா ஓட்டுற மனுசன், ஓட்டுறதைத் தவிர வேற எதுலயும் ஆசை வைக்காத மனுசன், கம்பை ஊனிக்கிட்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாக.

மூத்தாரு புதுசா ஒரு டிரைவரைப் பிடிச்சாரு. அதைச் சொல்ல எங்க வீட்டுக்கு வந்து, இவுக பக்கத்துல சேரைப் போட்டு உக்காந்தாரு. நான் வழக்கம் போலக் கதவுக்குப் பின்னால நிக்கேன். "பையன் ஆளு குள்ளந்தான். பெர்த்து அவனுக்குத் தாராளமாப் பத்தும். இனிப் பொட்டியை எதுக்குப் போட்டு நோண்டிக்கிட்டு"ன்னாரு.

எனக்கு எப்பிடி வந்துச்சுன்னு தெரியல. கதவைத் தள்ளிட்டு வந்து அவரு முன்னால நின்னுட்டேன்.

"மாமா, சாமி வாக்குக் குடுத்துச்சு. உங்க வாயாலதான் குடுத்துச்சு. நாளைக்குப் பொட்டி எறங்கலைன்னா, அடுத்த ஆடிக்கு உங்க மேல வாரது சாமியே இல்லைன்னு கோயில்ல நின்னு சொல்லுவேன். மேளத்தை நிப்பாட்டிச் சொல்லுவேன்."

மூத்தாரு மூஞ்சி செத்துப் போச்சு. இவுக தலையைக் குனிஞ்சுக்கிட்டாக. ஆனா இந்தத் தடவை "விடு புள்ள"ன்னு சொல்லல.

மறுநாள் காலையில அருப்புக்கோட்டைப் பட்டறையில வண்டி நின்னுச்சு. மூத்தாரு குளிச்சு, ஈரத்துண்டோட வந்தாரு. தேங்காய் உடைச்சு, சூடம் காமிச்சு, மண்ணை ஒரு மஞ்சத்துணியில முடிஞ்சு எடுத்து, முன்னால பிள்ளையாருக்குப் பக்கத்துல வச்சாரு. ஒரு டீ ஆறுற நேரங்கூட ஆகல. இம்புட்டுத்தான்! இதுக்குத்தான் ஆடியில இருந்து கார்த்திகை வரைக்கும் நாள் பாத்தாரு.  

பொட்டியை வெட்டி எடுத்தாக. கேபினோட இந்தத் தகரத்துல இருந்து அந்தத் தகரம் வரைக்கும் புதுப் பலகை போடச் சொன்னேன். ரெக்சின் வேர்க்கும், வேண்டாம்னேன். இலவம்பஞ்சு மெத்தை, நம்ம ஊருத் தறியில நெய்த கெட்டித் துணியில உறை. காத்து வர சின்ன சன்னலு, அதுக்குக் கொசுவலை, தலைமாட்டுல ஒரு ஃபேனு. பட்டறைக்காரரு டேப்பை எடுத்துக்கிட்டு, "டிரைவரு எம்புட்டு உயரம்மா?"ன்னு கேட்டாரு.

"இவுகளை வச்சு அளவெடுங்க"ன்னேன்.

"நான் எதுக்கு புள்ள? நான் ஓட்டப் போறதில்லையே."

"குள்ளமான டிரைவரே கடைசி வரைக்கும் இருப்பாரா? நாளைக்கு ஒரு நெட்டையான ஆளு வருவாரு. அவருக்கும் ஒரு பொண்டாட்டி இருப்பா. ஏறுங்க."

பட்டறை ஆளுக ரெண்டு பேரு கைத்தாங்கலா ஏத்தி விட்டாக. இவுக மெல்லப் படுத்தாக. மொதல்ல பழக்கத்துல முட்டிய மடக்கினாக. அப்புறம் வலது காலைத் தானா நீட்டினாக, இடது காலைக் கையால பிடிச்சு நீட்டி வச்சாக. தலைய நேரா வச்சுக்கிட்டு மேல பாத்தாக. நான் படியில ஏறி நின்னு பாத்துக்கிட்டே இருக்கேன். அந்த வண்டிக்குள்ள அவுக முழு உயரத்தை அன்னைக்குத்தான் பாத்தேன்.

"புள்ள, இடது காலு அந்தக் கடைசித் தகரத்துல முட்டுதா பாரு. எனக்குத் தெரிய மாட்டேங்குது"ன்னாக.

குனிஞ்சு பாத்தேன்.

"முட்டலைங்க. இன்னும் ஒரு சாண் எடம் கெடக்கு"ன்னேன். கீழ நின்ன மூத்தாரு காதுல விழட்டும்னு சத்தமாத்தான் சொன்னேன்.