படைப்பு எதற்கு என்று சொன்ன சண்முகம் அண்ணாச்சி

என் மகள் வயிற்று மூத்த பேரன் கோயம்புத்தூரில் இன்ஜினியர். இளையவன் வக்கீலுக்குப் படிக்கிறான். மகன் வயிற்றுப் பேத்தி செல்வி நர்சிங் முடித்து எர்ணாகுளத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். இதையெல்லாம் நம் எஸ்டேட் ஆட்கள் வாட்ஸப் குழுவில் எழுதிக்கொண்டிருந்தபோதுதான் சண்முகம் அண்ணாச்சி தவறிய செய்தி வந்தது. எழுதியதை அனுப்பக் கை வரவில்லை.

தேயிலை ஃபேக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் காலமெல்லாம் நின்றவர். ஞாயிற்றுக்கிழமை கோயிலில், ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கும் விளங்கும்படி சைவம் சொல்வார். ஒருநாள் உலகம் உண்டான விதத்தைச் சொன்னார்.

"ஒண்ணுமில்லாததுல இருந்து சாமி எதையும் உண்டாக்கல. ஒடுங்கிக் கெடந்தது விரிஞ்சுது, அம்புட்டுதான். உசிருங்க அலைஞ்சு இளைச்சுப் போனா திரும்ப ஒடுக்கி ஒறங்க வைப்பாரு."

"அப்ப பிரளயம்னா சாமி குடுக்குற லீவா அண்ணாச்சி?" என்றேன்.

"லீவேதான். கங்காணி வந்து கூப்பிட முடியாத லீவு."

எல்லாரும் சிரித்தார்கள். நான் விடவில்லை. "லீவு முடிஞ்சு மறுபடி இதே மலை, இதே கூடைன்னா, எழுப்பாமலே விட்றலாமே?"

திருநீற்றுத் தட்டையே பார்த்தார். "யோசிச்சுச் சொல்லுதேன் தாயி." பல ஞாயிறுகள் போயின. சொல்லவில்லை.

பிறகு என் மகன் சரிவில் விழுந்து கால் போனது. வீட்டில் ஒருவர் வேலைக்குப் பேர் கொடுக்காவிட்டால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். எனக்கு வேலை பார்க்கும் வயது முடிந்துவிட்டது. மிச்சம், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த தாயில்லாப் பிள்ளை செல்வி. கொழுந்து பறிக்கையில் இடுப்பில் கட்டும் என் பழைய சாக்கை அவளுக்காகத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு, அவள் பேரை வேலைக்குக் கொடுக்கும் தாளை எழுதித் தரச்சொல்லி அண்ணாச்சியிடம் போனேன்.

பேனாவை மூடினார். "அன்னைக்குக் கேட்டியே, ஏன் எழுப்புதாருன்னு. அதே கட்டுல மாட்ட இல்ல தாயி, கட்டு அவுந்து வெளிய போக. இதை வாயால சொல்லிக்கிட்டே, வீடு போயிரும்னு எம் மவன் பேரை நானே எழுதிக் குடுத்தேன். அவன் இன்னும் கொழுந்துச் சாக்கு தூக்குதான். அதான் ஒனக்குப் பதில் சொல்ல வாய் வரல."

"நாங்க எங்க போவோம்?"

"தெரியல. ஆனா எழுத மாட்டேன்."

காலி செய்தோம். இப்போது போடிமெட்டில் ஒற்றை அறை. ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். மகன் அதையே பார்த்து உட்கார்ந்திருக்கிறான். நான் ஏலக்காய் தரம் பிரிக்கப் போகிறேன். எங்கள் இரண்டு பேருக்கும் கட்டு அவிழவில்லை. செல்விக்கு அவிழ்ந்தது.

சாமியைப் பற்றிச் சொல்லும்போதே தன் தப்பையும் சேர்த்துச் சொன்ன அந்த நேர்மைதான் அண்ணாச்சியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது.

மண் சரிந்து ரோடு அடைத்துவிட்டதால் முகம் பார்க்க வர முடியவில்லை. குழுவில் போட்டிருப்பது அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்துப் படம். அதில் யாரோ மாதிரி இருக்கிறார். கடைசியாக எடுத்தது யாரிடமாவது இருந்தால் போடுங்கள். நானும் மகனும் இங்கிருந்தே பார்த்துக்கொள்கிறோம்.