சுண்ணாம்பு வைத்த பல்

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பல் விளக்குவது ஒரு தனி வேலையாக இருந்ததில்லை. விடிகாலையில் பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்க ஓடுகிற அவசரத்தில், அடுப்பிலிருந்து ஒரு துண்டுக் கரியை எடுத்து வாயில் போட்டு மென்று, விரலால் நாலு இழுப்பு இழுத்து, மலையூற்றுப் பீலியில் விழுகிற தண்ணீரில் கொப்பளித்துத் துப்பினால் முடிந்தது. அப்பாவுக்கு அதுவும் வீண்தான். துப்பிய கையோடு வெற்றிலை போட்டுவிடுவார். மடுல்சீமைப் பனியில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவன் வாயில் காரமாக ஏதாவது இல்லாவிட்டால் கத்தி ஓடாது என்பார். அம்மாவும் போடுவாள். இரண்டு பேருக்கும் பல் செங்கல் நிறம்.

எனக்கு வெற்றிலை கிடையாது, சீனி உண்டு. வெறுந்தேத்தண்ணியை ஒரு மடக்குக் குடித்து, உள்ளங்கைச் சீனியை ஒரு நக்கு நக்குவது எங்கள் வழக்கம். தேத்தண்ணி தீர்ந்த பிறகும் நான் கையை நக்கிக்கொண்டே இருப்பேன். மேல்வரிசையில் முன்பல்லுக்கு அடுத்த பல் கறுத்து நடுவில் பொத்தல் விழுந்தது அப்படித்தான். வலித்தால் அம்மா ஒரு கராம்பை வைத்துக் கடிக்கச் சொல்வாள். வலிக்காத நாளில் அதை யாரும் நினைத்ததில்லை, நான் உட்பட.

நினைக்க வைத்தவர் மாமா. அம்மாவின் தம்பி. தோட்டத்து லொறியில் கிளீனராக இருந்தார். வாரத்தில் மூன்று நாள் பதுளைக்குப் போய் வருவதால் எங்கள் லயத்துக்கு அவர்தான் பத்திரிகை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கையில் பொட்டலத்தோடு வந்தார். உள்ளே ஒரு டின் ரோஸ் நிறப் பல்பொடி, மூன்று பிரஸ். அந்த வாரம்தான் அப்பாவுக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டிருந்த மனுவுக்கு விசாரணை, அடுத்த மாதம் பதுளைக்கு மனைவி பிள்ளையோடு வரவும் என்று தோட்டத்துக் கிளாக்கரய்யா வாசித்துச் சொல்லியிருந்தார்.

மாமா பிரசை அப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"மச்சான், நீங்க சின்னப் புள்ளையில மண்டபம் கேம்புல கப்பலேற வந்தப்ப என்ன பண்ணாங்க?"

"என்ன பண்ணாங்க? கண்ணை இழுத்துப் பாத்தாங்க. வாயைத் தொறக்கச் சொன்னாங்க. ஊசி குத்துனாங்க."

"ஆங்! உள்ள வர்றதுக்கே வாயைத் தொறந்து பாத்தவன், இங்கயே இருக்கிறதுக்குப் பாக்காம விடுவானா? இது நிரந்தரமாக் குடியிருக்கிற சனமா, நாளைக்கே மூட்டை கட்டுற சனமான்னு பாப்பான். பிரஸ் வச்சுப் பல்லு வெளக்குறவன் ஊரை விட்டு ஓடமாட்டான்."

"கேள்விதான்டா கேப்பாங்கன்னு கிளாக்கரய்யா சொன்னாரு?" என்றாள் அம்மா.

"கேள்விக்கு எதால பதில் சொல்லுவ, காதாலயா? வாயைத் தொறந்தா தெரிஞ்சிராது?"

அப்பா பிரசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்று சாயந்திரமே வெற்றிலை டப்பா பரணுக்குப் போனது.

எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். பிரஜாவுரிமை என்றால் என்னவென்று தெரியாது. கிடைக்காவிட்டால் இந்தியாவுக்குக் கப்பலேற்றி விடுவார்கள் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டதுதான் தெரியும். இந்தியாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், அப்பா ஒரு தரம் அங்கே போய் அவருடைய அம்மாவை அடக்கம் பண்ணிவிட்டு வந்தார் என்பது மட்டும். போனவர்கள் சாகிற இடம் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். அதற்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று விளங்கவில்லை. ஆனால் பெரியவர்கள் இவ்வளவு மும்முரமாக ஒரு காரியத்தில் இறங்கினால் அதில் ஏதோ இருக்கத்தானே வேண்டும்?

மறுநாள் காலை மூன்று பேரும் பீலியடியில் வரிசையாக நின்று விளக்கினோம். தண்ணீருக்கு வந்த பக்கத்து வீட்டுக் காம்பராக்காரி குடத்தை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தாள்.

"என்ன புள்ள, தொரைசாணியம்மா வாயில நுரை தள்ளுது? சாமி கீமி வந்திருச்சா?"

"விசாரணைக்குப் போனா பல்லு பாக்குறாங்களாம் அக்கா," என்று அம்மா நுரையோடு சொன்னாள்.

அவ்வளவுதான். ஒரு வாரத்தில் லயம் முழுக்கப் பல் விளக்கியது. பிரஸ் இல்லாதவர்கள் கொய்யாக் குச்சியைக் கடித்துத் தும்பாக்கிக்கொண்டு வந்தார்கள். விசாரணைக் கடிதம் வராதவர்கள், மனுவே போடாதவர்கள், பல்லே இல்லாத ஒரு கிழவர் எல்லாரும் பீலியடியில் நின்றார்கள். கிழவரை யாரோ கேலி பண்ண, "ஈறைப் பாத்தா என்னடா பண்ணுவ?" என்றார்.

அப்பாதான் பாவம். வெற்றிலை இல்லாமல் முகம் தொங்கிப் போனது. மலையில் தேயிலைக் கொழுந்தைக் கிள்ளி மென்று பார்த்தார். அது பல்லை இன்னும் கறுப்பாக்கும் என்று மாமா அதையும் நிறுத்தினார். காலையில் ஒரு தரம், இராச்சோறு தின்ற பிறகு ஒரு தரம் என்று சட்டம். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா எங்களை வாசலில் நிறுத்தி, "ஈ காட்டுங்க" என்பார். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கறை மெல்ல மெல்ல வெளுத்து வந்தது. என் முறை வரும்போது நாக்கு நுனியை அந்தப் பல்லுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துவேன். மாமாவுக்கு அவசரம். பார்க்கமாட்டார்.

நான் ஒளித்து ஒளித்து விளக்கினேன். ஒரு நாளைக்கு ஆறு தரம், ஏழு தரம். பொடியில் போதாதென்று கரி, உப்பு, செங்கல் தூள். ஈறு கிழிந்து இரத்தம் வந்ததே தவிர, பொத்தல் பொத்தலாகவே இருந்தது. சீனியை விட்டேன். கையை நீட்டாமல் தேத்தண்ணியைக் கசக்கக் கசக்கக் குடித்தேன். அம்மா காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அப்போது சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை. ஒரே ஒரு பல்லால் மூன்று பேரையும் கப்பலேற்றுவார்களா, அல்லது பல் நன்றாக உள்ள இரண்டு பேரை வைத்துக்கொண்டு என்னை மட்டும் தனியாக ஏற்றுவார்களா? இரண்டாவது பயம்தான் பெரிது. கப்பலில் யார் பக்கத்தில் படுப்பது என்றெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

விசாரணை நாள் காலை அம்மா சேலையை மடித்துக் கட்டிக்கொண்டிருந்த நேரம், எனக்கு அந்த யோசனை வந்தது. பொத்தல் கறுப்பு. சுண்ணாம்பு வெள்ளை. பலகை மேல் ஏறிப் பரணிலிருந்த வெற்றிலை டப்பாவைத் திறந்து, சுண்ணாம்பை விரல் நுனியில் வழித்து, பொத்தலில் அப்பி, பல்லின் மேலும் பூசினேன். கண்ணாடித் துண்டில் பார்த்தால் வெள்ளை வெளேரென்று இருந்தது. எனக்கே நம்ப முடியவில்லை. ஒரு மாதம் ஏன் இது தோன்றவில்லை என்றிருந்தது.

லொறி பதுளைப் பாதையில் பசறையைத் தாண்டுவதற்குள் வாய் எரியத் தொடங்கியது. எச்சில் ஊற ஊற எரிச்சல் பரவியது. துப்பினால் சுண்ணாம்பு போய்விடும். விழுங்கினேன். மேலுதடு தடித்து எனக்கே முன்னால் தெரிந்தது. "என்னடி, மூஞ்சியை இப்பிடி வச்சிருக்க?" என்று அம்மா கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினேன்.

பதுளையில் அந்த ஆபீஸ் வாங்குப் பலகையில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தோம். பிறகு உள்ளே கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் ஓர் அதிகாரி. அவர் இங்கிலீசில் கேட்பதைத் தமிழில் சொல்ல, கண்ணாடி போட்ட யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் பக்கத்தில். அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எத்தனை வருஷம், எந்தத் தோட்டம், யார் கங்காணி என்று கேள்விகள் போய்க்கொண்டிருந்தன. எனக்குக் காதில் ஏறவில்லை. எரிச்சல்.

"இடையிலை இந்தியாவுக்குப் போனனீரோ?"

"ஒரே ஒரு தடவைங்கய்யா. அம்மாவுக்கு முடியலைன்னு தாக்கல் வந்துச்சு."

"எவ்வளவு காலம் அங்கை நிண்டனீர்?"

அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் வாயைத்தான் பார்க்கிறார் என்று உதட்டை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டேன்.

"பதினாலு மாசங்கய்யா. இழுத்துக்கிட்டே கெடந்துச்சு. விட்டுட்டு வர மனசு இல்ல."

அதிகாரி எழுதினார். கண்ணாடிக்காரர் என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளைக்கு என்ன பேர்? எங்கை பிறந்தனி?"

வாயைத் திறக்காமல் நின்றேன்.

"என்ன, பேசமாட்டாளோ? வாய் வீங்கிக் கிடக்கு. எங்கை, வாயைத் திற பாப்பம்."

மாமா சொன்னது சரியாகப் போயிற்று! அந்த ஒரு நிமிஷத்தில் நான் நினைத்தது அதுதான். திறந்தேன். சுண்ணாம்பும் எச்சிலும் இரத்தமுமாகக் கொடகொடவென்று மேசை விளிம்பில் வழிந்தது. அதிகாரி காகிதங்களைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஐயோ, இது சுண்ணாம்பெல்லோ! ஆர் குடுத்தது பிள்ளைக்கு? கொண்டுபோய்க் கொப்பளிக்க வையுங்கோ. தேங்காயெண்ணெய் பூசுங்கோ."

அம்மா என்னை வெளியே இழுத்துக்கொண்டு போகையில் திரும்பிப் பார்த்தேன். அதிகாரி மறுபடியும் எழுதிக்கொண்டிருந்தார்.

வாய் ஆற இரண்டு வாரம் ஆயிற்று. ஏன் அப்படிச் செய்தேன் என்று அம்மா அடித்தும் கேட்டாள், கொஞ்சியும் கேட்டாள். சொல்லவில்லை. அப்பா கேட்கவே இல்லை. எல்லாம் தெரிந்துதான் கேட்கவில்லை என்று நினைத்தேன்.

சில மாதம் கழித்துக் கடிதம் வந்தது. மனு தள்ளுபடி. கிளாக்கரய்யா வாசித்ததைக் கேட்டுவிட்டு வந்த மாமா வாசலிலேயே சத்தம் போட்டார்.

"பதினாலுன்னு ஏன் மச்சான் சொன்னீங்க? பத்துன்னு சொன்னா நாக்கு அழுகிப் போயிருமா?"

"கேட்டாங்க. சொன்னேன்."

நான் கதவிடுக்கில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் மனசு நோகக்கூடாதென்று பல்லை விட்டுவிட்டு மாசக் கணக்கைப் பேசுகிறார்கள் என்றே எனக்குப் பட்டது. மாமாவுக்கு நடிக்கவும் வருமே.

அப்பா பரணுக்குக் கையை நீட்டி வெற்றிலை டப்பாவை எடுத்துத் திறந்தார். ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வேணாம்ப்பா. திரும்ப எழுதிப் போடலாம். நல்லா வெளக்கிக்கிட்டு வந்தா தருவாங்கப்பா."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு டப்பாவை மூடி இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார்.

உடனே யாரும் எங்களைக் கப்பலேற்றவில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்று கொழுந்தெடுக்கப் போனேன். அந்தப் பல்லும் தானாக உடைந்து விழுந்தது. வயது வந்து, என் பெயருக்கு ஒரு பிரஜாவுரிமைப் படிவம் எழுத வேண்டிக் கிளாக்கரய்யா முன்னால் நின்றபோதுதான், அவர் பேச்சுவாக்கில் சொன்னார்: "ஒங்கப்பா கேசு அந்த இந்தியாப் பயணத்துலதானே போச்சு. ஒரு வருஷத்துக்கு மேல வெளிய நின்னா, இங்க இருந்த வருஷமெல்லாம் அறுந்துபோகும்." அப்பா அப்போது உயிரோடு இல்லை. படிவத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, பல் விழுந்த இடத்தை நாக்கால் தடவிக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன்.

மனு தள்ளுபடி என்று அந்தக் கடிதம் வந்த மறுநாள் காலை பீலியடிக்கு நான் மட்டும்தான் போனேன். லயத்தில் எல்லாரும் விட்டுவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அப்பா வந்தார், கையில் மயிர் விரிந்த பழைய பிரஸ். பல்பொடி தீர்ந்திருந்தது. ஆளுக்கொரு துண்டுக் கரியை நுணுக்கிக்கொண்டோம். அதற்கப்புறம் ஒரு நாளும் தவறாமல் வந்தார். தேய்த்து முடித்துக் குனிந்து, என் முகத்துக்கு நேரே வாயைத் திறந்து காட்டுவார்.

"பாரு பாப்பா. போயிருச்சா?"

"இன்னும் கொஞ்சம் இருக்குப்பா."

மறு பேச்சில்லாமல் திரும்பவும் தேய்ப்பார். நான் கெடுத்து வைத்ததற்கு அப்பாவும் சேர்ந்து இவ்வளவு பாடுபடுகிறாரே என்று எனக்கு அழுகை வரும். அடக்கிக்கொண்டு, அவர் வாய் கொப்பளிக்கப் பீலியில் இரண்டு கையாலும் தண்ணீரை ஏந்திக் கொடுப்பேன்.