தசரதன் துடைத்த வண்டி

ஆரணியில் தசரதனைப் போலப் பயந்த மெக்கானிக் இன்னொருவர் கிடையாது. சேவூர் சாலையில் இருபத்தாறு வருடமாகக் கார் பட்டறை வைத்திருக்கிறார். ஒரு போல்ட்டை முடுக்கினால் மூன்று தடவை தொட்டுப் பார்ப்பார். வண்டியை எடுத்துப் போனவருக்கு மறுநாள் போன் போட்டு ஏதாவது சத்தம் வருகிறதா என்று விசாரிப்பார். ஊர் சிரிக்கும், ஆனாலும் வண்டியை அவரிடம்தான் விடும். அவர் பயப்பட்டால் நாம் பயப்பட வேண்டியதில்லை என்று ஊருக்கு ஒரு நினைப்பு.

அந்தப் பயம் பதினோரு வருடத்துக்கு முன்னால் வந்தது. அவர் ஒயரிங் செய்து கொடுத்த அம்பாசடர் ஒன்று போளூர் போகும் வழியில் பற்றி எரிந்தது. உள்ளே இருந்தவர்கள் கதவைத் திறந்து குதித்துத் தப்பினார்கள். யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. அவர்தான் அந்தக் கரிக்கூட்டை மறக்கவில்லை.

அப்பேர்ப்பட்ட மனிதரின் மகள், வந்து நின்று, ஸ்ரீநகர் வரைக்கும் காரில் போகப்போகிறேன் என்றாள்.

பவித்ரா வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவு நர்ஸ். ஆரணிப் பக்கத்து நோயாளிகள் வாரம் மூன்று நாள் பஸ்ஸில் நின்றுகொண்டே அங்கே வந்து போவதைப் பார்த்துப் பார்த்து, அவர்களுக்கென்று ஒரு வேன் வாங்கிவிட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்திருந்தாள். அவளும் அவள் சிநேகிதி ஃப்ளோரன்ஸ் டீச்சரும் ஒரு பழைய மாருதி 800-ல் காஷ்மீர் வரை ஓட்டிப் போவது, வழியெல்லாம் வேனுக்கு நிதி திரட்டுவது என்று ஏற்பாடு. வண்டியைத் தயார் செய்யும் பொறுப்பு அப்பாவுக்கு.

தசரதன் நினைத்தால் மாட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் அவள் வேறு பட்டறைக்குப் போவாள். அதற்கு இதுவே மேல் என்று வேலையில் இறங்கினார். பிரேக், கிளட்ச், ரேடியேட்டர் எல்லாம் மாற்றினார். டேஷ்போர்டைப் பிரித்து ஒயர் ஒயராகத் துடைத்தார். மற்ற ஊர்ப் பட்டறைகளில் துடைப்பதற்குப் பஞ்சுக் கழிவு வாங்குவார்கள். இவருக்கு அந்தச் செலவே இல்லை. சேவூரில் தறி போட்டிருக்கும் கமலம் வீட்டில், அறுத்துப் போட்ட கழிவு நூலை மூட்டையாகக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். பட்டு நூல், எண்ணெயை நன்றாக இழுக்கும்.

வண்டியை ஓட்டிப் பார்க்கப் போளூர்ப் பக்கத்துத் திருமலை வரை போய்த் திரும்பினார். பாதி வழியில் முடி கருகுகிற மாதிரி ஒரு நாற்றம். நிறுத்தினார், போய்விட்டது. மறுநாள் பெரணமல்லூர் வரை போனார். மேடு பள்ளத்தில் வண்டி குலுங்கியதும் மறுபடியும் அதே நாற்றம். பானெட்டைத் தூக்கிப் பார்த்தார், ஃப்யூஸ்களைக் கழற்றிப் பார்த்தார். ஒன்றுகூடப் போகவில்லை. அவருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி குணசுந்தரி என்னவென்று கேட்டதற்கு வெயில் என்று சொல்லிவிட்டார்.

கிளம்ப நான்கு நாள் இருந்தது. இந்த வண்டி தாங்காது என்று மகளிடம் சொல்லிப் பார்த்தார். எது தாங்காது, காட்டு என்று கேட்டாள் அவள். காட்ட அவரிடம் எதுவும் இல்லை.

மறுநாள் காலை கழிவு நூல் வாங்கக் கமலம் வீட்டுக்குப் போனார். கல்யாணச் சேலை எடுக்க வந்த ஒருவர் சுத்தப் பட்டுதானா என்று சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். கமலம் பேச்சை வளர்க்காமல், முந்தானை ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவித் தீக்குச்சியைக் காட்டினாள். முடி கருகுகிற நாற்றம் கூடமெங்கும் பரவியது. வந்தவர் திருப்தியாகத் தலையாட்டினார்.

தசரதனுக்கு அது பிறந்ததிலிருந்து மூக்குக்குத் தெரிந்த வாசனை. காருக்குள் வந்ததால் புத்திக்கு எட்டவில்லை.

நூல் மூட்டையை அங்கேயே போட்டுவிட்டுப் பட்டறைக்கு ஓடினார். ஃப்யூஸ் பெட்டியை மொத்தமாகக் கழற்றித் திருப்பினார். பின்பக்கம், விரல் நுனியளவுக்கு ஒரு நூல் சிக்கு. அதில் பாதி சரிகை. சரிகையில் இருப்பது செம்பும் வெள்ளியும். கரண்டு அதில் தாராளமாகப் பாய்ந்து, சூடேறி, கூட இருந்த பட்டைக் கருக்கியிருக்கிறது. ஃப்யூஸுக்கு முன்னாலேயே, பேட்டரியிலிருந்து நேராக வரும் ஒயரில் அது உரசியதால் எந்த ஃப்யூஸும் போகவில்லை. சுற்றியிருந்த பிளாஸ்டிக் கறுத்து இளகியிருந்தது.

துடைத்தது அவர் கை. அந்த அம்பாசடரைத் துடைத்ததும் இதே கை, இதே நூல்.

சிக்கைச் சாக்கடையில் எறிந்திருந்தால் ஈ காக்கைக்குக்கூடத் தெரிந்திருக்காது. அதை ஒரு காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். சாயந்தரம் பவித்ரா வந்ததும் நீட்டினார்.

"நான் தொடச்ச நூலும்மா. வண்டிய கொளுத்தப் பாத்தது நான்தான். எல்லாத்தையும் எடுத்துட்டேன்னு நெனைக்கிறேன். ஆனா என் கைய நானே இனிமே நம்ப மாட்டேன்."

பவித்ரா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கேட்டது வேறு.

"மறுபடி அந்த வாசன வந்தா நான் இன்னா பண்ணணும்? அத்த சொல்லிக்குடுப்பா."

பேட்டரி முனையைக் கையாலேயே கழற்றுகிற மாதிரி ஒரு திருகு பொருத்தினார். பானெட்டைத் தூக்கி முனையைப் பிடுங்க, இரண்டு பெண்களையும் மூன்று நாளும் விடாமல் பழக்கினார். பட்டு இழைகளைக் கொளுத்தி முகரவும் வைத்தார். பரீட்சைக்குக்கூட இவ்வளவு படிக்கவில்லை என்றாள் ஃப்ளோரன்ஸ் டீச்சர்.

கிளம்பும் காலையில் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். வண்டி நசுக்கிக்கொண்டு நகர்ந்தது. தசரதன் அதற்குப் பிறகு பட்டறையைத் திறக்கவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே இருந்தார்.

நான்காம் நாள் மத்தியானம் போன் வந்தது. நாக்பூர் தாண்டி எங்கோ நடுரோட்டில் நின்றுகொண்டிருந்தாள். பின்னால் லாரிச் சத்தம்.

"அப்பா, முடி கருகுற வாசன வந்துச்சு. ஒடனே கயட்டிட்டேன். வைப்பர் மோட்டார் பக்கத்துல கொஞ்சம் நூலு மாட்டிகினு இருந்துச்சு. எடுத்துட்டோம். நீ சொல்லலன்னா, வெளிய எவனோ குப்ப கொளுத்துறான்னு கண்ணாடிய ஏத்திகினு போயிருப்போம்."

தசரதன், பார்த்துப் போங்க என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தார். பிறகு அதே போனில் இருந்த பெயர்களைப் பார்த்தார். இருபத்தாறு வருடத்தில் அவர் துடைத்துக் கொடுத்த வண்டிகள் ஆரணி முழுக்க ஓடிக்கொண்டிருந்தன. முதல் பெயர் அருள்தாஸ். பட்டுக் கடைக்காரர், ஒன்று தெரிந்தால் ஊருக்கே சொல்லிவிடுவார்.

அவருக்கே முதலில் போட்டார்.

"அருள்தாஸ்ங்களா? தசரதன் பேசறேன். இன்னிக்கி வண்டிய எடுக்காதீங்க. நான் தப்பு பண்ணிட்டேன், நேர்ல வந்து சொல்றேன்."