அடிக்காத மண்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு அந்தச் சனியனைப் பிடிக்கவே பிடிக்காது. கம்பத்திலிருந்து மலையேறி வந்த பேருந்தில் என் மகள் அதைச் சாப்பாட்டு டப்பா மாதிரி மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். குமுளியில் இறங்கியதும் என் கையில் கொடுத்து, ஆட்டாமல் பிடிக்கச் சொன்னாள். மூடி வழியாகப் பார்த்தேன். உள்ளங்கை அகலத்துக்கு ஓர் எட்டுக்காலி. கறுப்பு உடம்பு, கால் மூட்டெல்லாம் வெள்ளைப் பட்டை, மேலெல்லாம் மயிர். டாரண்டுலாச் சிலந்தி என்றாள். முப்பது வருடமாக ஏலக்காட்டில் அட்டையையும் பாம்பையும் பார்த்தவன் நான். டப்பாவைக் கீழே போடாமல் வீடு வந்து சேர்ந்ததே பெரிய காரியம்.

அவளுக்குக் கோயம்புத்தூரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. தங்கிய விடுதியில் பூனைக்கே இடமில்லை, இதற்கா கொடுப்பார்கள்? தனி வீடு பார்க்கும்வரை சக்குபள்ளத்தில் எங்களோடு இருக்கட்டும் என்றாள். கல்லூரி முதல் வருடத்தில் உளுந்தளவு குஞ்சாக வாங்கி, ஆறு வருடம் அவளே வளர்த்தது. "பொட்டைப்பா இது. இருபது வருசம் இருக்கும். நான் வர்ற வரைக்கும் பத்திரமாப் பாத்துக்கங்க" என்றாள். பெற்ற பிள்ளை கேட்கும்போது என்ன செய்வது, சரி என்றேன்.

ஒரு மாதம் போனது. டப்பா சிறிதாகிவிட்டது, பெரிய வீடாக மாற்ற வேண்டும் என்று போனில் சொன்னாள். வீடாம்! எங்கள் குளியலறைக் கதவு தாழ்ப்பாள் இல்லாமல் நாலு மழைக்காலமாக ஆடிக்கொண்டிருக்கிறது. என் மனைவி அதைச் சொல்லிக் காட்டியே என்னை வறுத்தெடுத்தாள். ஆனாலும் பரணிலிருந்து பழைய மீன்தொட்டியை இறக்கிக் கழுவிக் கொடுத்தது அவள்தான்.

மகள் சொல்லச் சொல்லச் செய்தேன். கம்பிவலை மூடி கூடாது, நகம் மாட்டிக்கொள்ளுமாம். பிளாஸ்டிக் தகட்டில் ஆணியைக் காய்ச்சித் துளை போட்டேன். ஒளிந்துகொள்ளப் பாதிச் சிரட்டை, தண்ணீருக்கு ஊறுகாய்ப் பாட்டில் மூடி. தொட்டியில் முக்கால் உயரத்துக்கு மண் நிரப்ப வேண்டும். கண்ணாடியில் ஏறி விழுந்தால் வயிறு கிழிந்துவிடும், அதனால் விழுகிற உயரமே இருக்கக் கூடாது. மண் என்றால் தேங்காய்நார்த் தூள். கட்டியாகக் கடையில் விற்கிறதாம்.

அங்கேதான் எனக்கு ரோஷம் வந்தது. ஏலம் விளைகிற மண்ணை வைத்துக்கொண்டு, எட்டுக்காலிக்குக் கடையில் போய்ப் பொட்டலம் வாங்குவதா? பிடித்தால் கொழுக்கட்டையாகப் பிடிபடும், விட்டால் பொலபொலவென்று உதிரும், அப்படிப்பட்ட மண். அதைச் சொன்னேன். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"மருந்து அடிச்ச மண்ணாப்பா?"

"அடிக்கல தாயி."

பொய் சொல்லவில்லை. கீழ்ப்பாத்தியில் மருந்து அடித்து மூன்று மாதத்துக்கு மேல் இருக்கும், நடுவில் எத்தனையோ மழை பெய்துவிட்டது. அங்கேயிருந்துதான் இரண்டு கூடை அள்ளி வந்தேன். சலித்து, பூச்சி முட்டை சாகட்டும் என்று இரும்புச் சட்டியில் போட்டு வறுத்தேன். சூட்டில் ஒரு வாடை கிளம்பியது. எங்கள் வீட்டில், துணியில், தலையணையில் எப்போதும் இருக்கிற வாடைதான். மண் வாசனை என்று நினைத்தேன். ஆறவைத்து, தண்ணீர் தெளித்து, வெறுங்கையால் நன்றாகப் பிசைந்து தொட்டியில் அமுக்கினேன்.

அது குடிபோனதைப் பார்க்க வேண்டுமே! ஒரு நாள் முழுக்க மூலையில் நின்றது. மறுநாள் சிரட்டைக்கு அடியில் மண்ணைப் பறித்து, இரண்டு முன்காலுக்கு நடுவில் உருண்டையாக அணைத்து, வெளியே கொண்டுவந்து வைத்தது. திரும்பப் போய் இன்னொன்று. டீ ஆறிப்போவது தெரியாமல் நானும் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். உள்ளதைச் சொன்னால், எனக்குப் பெருமையாக இருந்தது. நான் கட்டிக்கொடுத்த வீடு.

ஆறாம் நாள் அது வெளியே வந்து, எல்லாக் காலையும் வயிற்றுக்கடியில் மடக்கிக் குந்தியிருந்தது. மல்லாந்து கிடந்தால் தொடாதே, தோலுரிக்கிறது என்று மகள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். மடக்கி உட்கார்ந்தால் சாகக் கிடக்கிறது என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. குளிருகிறது போல என்று தொட்டியை ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குத் தூக்கிப்போய்ச் சூடு படுகிற இடமாகப் பார்த்து வைத்தேன். என் புத்தியை என்னவென்று சொல்ல!

மறுநாள் கால்கள் வெட்டிவெட்டி இழுத்தன. படம் எடுத்து அனுப்பினேன். மகள் உடனே கூப்பிட்டு, அந்த மண்ணிலிருந்து எடுத்துப் பழைய டப்பாவில் ஈரக் காகிதத்தின் மேல் வைக்கச் சொன்னாள். கரண்டியால் ஏந்தி மாற்றினேன். மிருகாசுபத்திரிக்கு ஓடினேன். டாக்டர் சிரிக்கவில்லை, நல்ல மனுஷன். பசுவுக்கும் நாய்க்கும்தான் தனக்குத் தெரியும் என்று கைவிரித்துவிட்டார்.

வீட்டுக்குத் திரும்பிக் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். மண் எங்கே எடுத்தேன் என்று மனைவி கேட்டாள். கீழ்ப்பாத்தி என்றேன். அவள் என்னையே பார்த்தாள்.

"அங்க போன மாசந்தான வேர்ப்புழுவுக்கு ஊத்துனோம்?"

எங்கள் பேச்சில் விஷம் என்ற சொல்லே வராது, எல்லாம் மருந்து. இலைக்குப் போவது அடிக்கிற மருந்து. வேருக்குத் தூரில் விடுவது ஊற்றுகிற மருந்து. அடித்தாயா என்று கேட்டால், ஊற்றியது யாருக்கும் ஞாபகத்துக்கு வராது. எனக்கும் வரவில்லை. நானே கலக்கி, நானே ஊற்றியது.

மகள் விடுப்புப் போட்டுவிட்டுக் கிளம்பினாள். பேருந்து கம்பம் தாண்டிவிட்டது என்று சொன்ன பிறகு அவள் போன் கிடைக்கவில்லை. பேருந்து மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில்தான் டப்பாவுக்குள் கடைசிக் கால் இழுப்பதும் நின்றது. தண்ணீரைத் தொட்டு வைத்துப் பார்த்தேன். ஊதிப் பார்த்தேன். ஒரு பூச்சிக்காக இந்த வயதில் இப்படித் தவிப்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால் திட்டி அனுப்பியிருப்பேன்.

அவள் பையில் தேங்காய்நார்க் கட்டி ஒன்றோடு வந்தாள். டப்பாவைப் பார்த்துவிட்டுத் தொட்டி மூடியைத் திறந்து குனிந்தாள்.

"மருந்து வாட அடிக்குதே. அடிக்கலன்னு சொன்னீங்களேப்பா?"

"அடிக்கல தாயி. ஊத்துனோம்."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம். என் இரண்டு கையையும் பிடித்துத் திருப்பி, வெடித்த உள்ளங்கையைப் பார்த்தாள். இந்தக் கையாலா பிசைந்தீர்கள், மருந்து கலக்குவதும் எப்போதுமே வெறுங்கையால்தானா என்று மெதுவாகக் கேட்டாள். டப்பாவைப் பார்த்து வராத அழுகை அவளுக்கு அப்போதுதான் வந்தது. மாலையில் அதை முருங்கை மரத்தடியில் புதைத்தோம். அங்கே அடிக்கவும் இல்லை, ஊற்றவும் இல்லை என்று இரண்டு முறை சொன்னேன்.

அடுத்த வாரம் தபாலில் மகள் அனுப்பிய ரப்பர் கையுறை வந்தது. அதற்குள் மேல்பாத்தியிலும் வேர்ப்புழு ஏறிவிட்டது; ஊற்றாமல் விட்டால் செடி சாய்ந்துவிடும், எங்களுக்கு வேறு பிழைப்பும் இல்லை. கையுறையைப் போட்டுக்கொண்டு மருந்துப் பாட்டிலை எடுத்தேன். ரப்பர் வழுக்கியது, மூடி திருகவே வரவில்லை. இரண்டு, மூன்று முறை பார்த்தேன். பிறகு கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு திறந்தேன்.