கடைசிக் கட்டத்தில் போட்ட டிக்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. மறதியும் கூடிவிட்டது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு வருஷத்துக்கு முன்பு, புதுச்சேரி கதிர்காமத்தில், லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று நடந்தது இது.

பக்கத்து அறையில் குடியிருக்கும் பெண் தட்டாஞ்சாவடியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போகிறாள். புருஷன் இல்லை. அவளுடைய மகளைப் பள்ளியில் விடுவதும் கூட்டி வருவதும் நான்தான். ஒரு அம்மா தன் சொந்த வீட்டிலேயே நடத்தும் சின்ன இங்கிலீஷ் பள்ளி அது. எங்களைப் போன்றவர்களுக்குக் கட்டுப்படியாவது அந்தப் பக்கம் அது ஒன்றுதான்.

அந்தப் பெண்ணுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் தமிழில் ஐந்தாவது வரை படித்திருக்கிறேன். அதனால், "பெரிம்மா, நீங்க படிச்சவங்க, நீங்களே பாத்துப் போட்டுடுங்க" என்று டைரியில் கையெழுத்துப் போடுவதை என்னிடம் விட்டிருந்தாள். டைரியில் வருவதெல்லாம் இங்கிலீஷ். எனக்கும் தெரியாது. சொல்ல வெட்கம். தினமும் கடைசி வரியில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவேன்.

பிள்ளை யூ.கே.ஜி. முடிக்கிற சமயம் ஒரு சீட்டு வந்தது. அடியில் இரண்டு கட்டம். "மிஸ் டிக் போடச் சொன்னாங்க ஆயா" என்றாள் பிள்ளை. யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வழக்கம்போலக் கடைசியில் இருந்த கட்டத்திலேயே டிக் போட்டுவிட்டேன்.

பள்ளி திறந்த அன்று அந்தப் பெண் அரை நாள் லீவு போட்டு வந்திருந்தாள். ஒன்றாம் வகுப்புக்குப் பேர் கூப்பிட்டார்கள். எங்கள் பிள்ளை பேர் மட்டும் வரவில்லை. ஆபீஸில் இருந்தவர் அந்தச் சீட்டைத் தேடி எடுத்துக் காட்டினார்.

"அடுத்த வருஷம் வேணாம்னு நீங்கதானம்மா டிக் போட்டுக் குடுத்தீங்க? அந்த எடத்துல வேற புள்ளையச் சேத்தாச்சு."

"பெரிம்மா, உங்கள நம்பித்தான குடுத்தேன்?" என்று அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். புதுச் சீருடையில் பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது. அத்தனை பேர் நடுவில் நான் அதுவரை வாயைத் திறந்ததே இல்லை. "எனக்கு இங்கிலீஷ் தெரியாதுங்க. தெரிஞ்ச மாதிரி போட்டுட்டேன். புள்ள மேல தப்பில்ல" என்றேன். அழுகை வந்துவிட்டது.

பக்கத்தில் தேங்காய்த்திட்டில் மீன் விற்கும் ஒரு அம்மா நின்றிருந்தாள். "அட, நீ ஏன் ஆயா அழுவுற? எனக்கு மட்டும் தெரியுமா? முன்னாடி நின்ன பொம்பள எதுல போட்டாளோ, பாத்து நானும் அதுலயே போட்டேன். அவ போட்ட நேரம் எம்புள்ள தப்பிச்சுது!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். "நானுந்தான்," "நானுந்தான்" என்று இன்னும் இரண்டு மூன்று குரல் வந்தது.

பள்ளியை நடத்தும் பெரிய மிஸ் மாடியிலிருந்து இறங்கி வந்து சீட்டை வாங்கிப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். "உங்களுக்குப் புரியாததுல எழுதி அனுப்புனது என் தப்பும்மா" என்றார். வகுப்பில் இடமே இல்லை. வாசலில் செருப்பு விடுகிற இடத்தில் ஒரு குட்டி பெஞ்சு கிடந்தது. அதைத் தன் முந்தானையால் துடைத்து, ஒரு பக்கம் அவர் பிடிக்க, இன்னொரு பக்கம் பிள்ளையின் அம்மா பிடிக்க, வகுப்புக்குள் கொண்டுபோய்ப் போட்டார்கள். பிள்ளை ஓடிப்போய் உட்கார்ந்துகொண்டது.

அதற்குப் பிறகு எந்தச் சீட்டு வந்தாலும் கீழே தமிழிலும் இருக்கும். சாயங்காலம் கேட் அருகில் ஒரு மிஸ் உரக்கப் படித்தும் காட்டுவார்.

அன்று அந்தப் பெண் வேலைக்குக் கிளம்பும்போது, "சாயந்தரம் டைரி வரும் பெரிம்மா. நீங்கதான் கையெழுத்துப் போடணும்" என்றாள்.

பிள்ளை இப்போது ஐந்தாவது. நான் படிப்பை நிறுத்திய வகுப்பு. அன்றைக்கு மழை என்கிறாள் அவள். எனக்கு வெயிலாகத்தான் ஞாபகம். யாராவது விசாரித்துச் சரிபார்த்துப் போடுங்கள். இதையும் பிள்ளையை விட்டு முழுசாகப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான், கீழே என் கையெழுத்தைப் போடுகிறேன்.