உப்பில்லாத தண்ணீர்

என் பிக்கப்பின் டாஷ்போர்ட் பெட்டிக்குள் இப்போதும் ஒரு தென்னை ஈர்க்கு கிடக்கிறது. மனைவி எத்தனை முறை துப்புரவாக்கினாலும் அதை மட்டும் எறிய விடமாட்டேன். அது மாமி, அதாவது அவளுடைய உம்மா, தன் கையால் முறித்துத் தந்தது.

சுனாமி, மாமாவையும் கல்முனைக் கடற்கரையோரத்து வீட்டையும் ஒரே காலையில் கொண்டுபோனது. அதன் பிறகு மாமி சவளக்கடையில் தன் அக்காவான ராத்தாவின் வீட்டிலேயே இருந்து வயல் பார்த்தார். கடல் பக்கம் திரும்பவில்லை. நாட்டில் சண்டை முடிந்து, ஊரில் எல்லோரும் வீடு கட்டக் கல்லும் சீமெந்தும் இறக்கிக்கொண்டிருந்த நாட்களில், வீடிருந்த வெறும் வளவை விற்றுவிட முடிவு செய்தார். மனைவி அழுதாள். விற்க முன் ஒருதரம் பார்த்துவிடுங்கள் என்று கெஞ்சி மாமியை ஏற்றி வந்தவன் நான். அலைச்சத்தம் அவர் காதில் விழக்கூடாதென்று கண்ணாடிகளை முழுதாக ஏற்றி, ஏசியை உச்சத்தில் வைத்தேன். அதில் என் பயமும் பாதி இருந்தது. வாளியில் தண்ணீர் நிறையும் சத்தத்துக்கே திடுக்கிடுகிறவன் நான்.

வளவுக்குத் திரும்பும் முடக்கில் குளிர்ந்த தண்ணீர் சளாரென்று என் காலில் கொட்டியது. பிரேக்கை அடித்து, "கடல் வந்துட்டு!" என்று கத்திக்கொண்டு கதவைத் திறந்து ஓடினேன். மாமியை உள்ளே விட்டுவிட்டுத்தான். சைக்கிளில் மீன் விற்றுக்கொண்டு வந்தவர் பெட்டியைப் போட்டுவிட்டு என்னை முந்தி ஓடினார். மதகடியில் மூச்சு வாங்க நின்ற பிறகுதான், "எங்கால வருது கடல்?" என்று கேட்டார். திரும்பிப் பார்த்தேன். வீதி காய்ந்து கிடந்தது.

வெட்கத்தோடு வந்தபோது மாமி, காலடியில் தேங்கியதை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உப்பில்ல மருமகன். இது கடலில்ல."

"ஏசித் தண்ணி மாமி," என்றேன், முதலே தெரிந்தவன்போல.

"தெரிஞ்சுதானா ஓடினீங்க?"

பிறகு விசாரணை தொடங்கியது. "நீங்க வந்து நிப்பாட்டினா எங்கட வாசல் முத்தமெல்லாம் சொட்டி நனையுமே, இண்டைக்கு ஏன் சொட்டல்ல?" குனிந்து பார்த்தேன், வாகனத்தின் அடியில் ஒரு ஈரமும் இல்லை. "வாய்க்கால் அடைச்சிட்டு. அதான் வரம்பால பாயுது," என்றார் அந்த வயல்காரி. அவர் சொன்னபடியே, கீழே தண்ணீர் இறங்கும் ரப்பர் குழாயின் வாயை வயல் பாதைச் சேறு மூடியிருந்தது. குத்திவிட ஒன்றுமில்லை, என்னிடமிருந்த பேனையும் தடித்தது. மாமி இறங்கி விறுவிறென்று தன் வளவுக்குள் போய், விழுந்து கிடந்த ஓலையில் ஈர்க்கு முறித்தார். அத்தனை வருடங்களுக்குப் பிறகு அந்த மண்ணில் கால் வைத்ததை நான் கவனித்தேன், அவர் கவனிக்கவில்லை. நான் கீழே படுத்து மெல்லக் குத்தினேன். குழாய் சேற்றைக் கக்கிவிட்டு, மிச்சத் தண்ணீர் முழுவதையும் என் முகத்தில் கொட்டியது. நான் மறுபடியும் கத்தினேன் என்பதற்கு மீன்காரர் சாட்சி.

எழுந்தபோது மாமி சிரித்துக்கொண்டிருந்தார். மாமா போன பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. சிரித்து ஓய்ந்து, கடல் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, கடல் புகுந்து தூர்ந்து கிடந்த கிணற்றைக் காட்டி, "முதல்ல அத இறைக்கச் சொல்லுங்க. உப்புப் போகுமட்டும் இறைக்கட்டும்," என்றார். விற்பதைப் பற்றி அதன் பிறகு எவரும் கதைக்கவில்லை.

அந்த வளவில் கட்டிய வீட்டிலேதான் மாமி கடைசிவரை இருந்து மௌத்தானார். பிக்கப்புக்கும் வயதாகிவிட்டது, மாரி காலத்தில் குழாய் அடைத்து, காலில் தண்ணீர் சொட்டும். அப்போதும் என் ஒரு கை கதவைத் திறக்கப் போகும். மற்றக் கை ஒரு துளியைத் தொட்டு நாக்கில் வைக்கும். உப்பில்லை. பிறகுதான் ஈர்க்கை எடுப்பேன்.