அண்ணனின் பிக்கப் வண்டி

அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவுப் பூசைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, அவருடைய பழைய பிக்கப் வண்டி எர்ணாவூர் அருகே சூடேறி நின்றுவிட்டது. அவர் இறந்த பிறகும் டிரைவர் வைத்துக் காசிமேட்டு மீனை அதில்தான் அனுப்பி வந்தோம். விற்க அண்ணி சம்மதிக்கவில்லை.

நானும் அண்ணியும் பார்த்துக்கொண்டிருக்க, விம்கோ நகர் மெக்கானிக் மீன் பெட்டிகளை இறக்கி, வண்டியின் அடிப்பாகத்தைக் கழுவித் துடைத்து, தரையில் அட்டை விரித்தார். சற்று நேரத்தில் அட்டையில் பச்சைச் சொட்டுகள் விழுந்தன. இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட். மீன் வண்டிக்கடியில் எந்நேரமும் ஐஸ் உருகிச் சொட்டும் என்பதால், அந்த ஈரத்தை நாங்கள் யாருமே சந்தேகப்பட்டதில்லை.

"இன்னா மாமு, ஐஸ் எங்கனா பச்சையா உருகுமா?" என்று மெக்கானிக் என்னைக் கேட்டார். பிறகு அண்ணியிடம் திரும்பினார். "வாட்டர் பம்ப் ஒழுகிகினே இருந்துகீதுக்கா. சூட்ல இன்ஜின் பிளாக்கே கிராக் வுட்டுகீது. வேற இன்ஜின்தான் போடணும்."

"போட்டா இதே சத்தம் வருமா நைனா?"

தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்டதும் அண்ணனுக்குச் சோறு போட எழுந்து பழகியவர் அண்ணி.

"அது எப்டிக்கா வரும்? வேற இன்ஜின், வேற சத்தம்."

"அப்போ ஒரு தபா ஸ்டார்ட் பண்ணு. கேட்டுக்கறேன்."

மெக்கானிக் ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றி வண்டியைக் கிளப்பினார். அண்ணி கதவில் கை வைத்தபடி நின்றார். வெள்ளைப் புகை எழுந்தது. சூடு காட்டும் முள் ஏறிக்கொண்டே போனது. மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் அண்ணியைப் பார்த்தேன்.

"போதும் நைனா, நிறுத்திடு" என்று அண்ணிதான் சொன்னார்.